உப்புப் பாக்கெட்டில் ‘நான்-ஜிஎம்ஓ’: அந்த லேபிளுக்கு நீங்க கொடுக்கும் காசு எங்கே போகுது?

உப்பில் மரபணு கிடையாது. கடல்நீரைப் பாத்தியில் காயவைத்தோ, பாறையை வெட்டியோ எடுக்கிற தாதுப்பொருள் அது. மரபணுவே இல்லாத ஒன்றில் மரபணுவை மாற்றவும் முடியாது. ஆனாலும் ‘நான்-ஜிஎம்ஓ’ என்று அழகாக அச்சடித்த உப்புப் பாக்கெட் ஆன்லைனில் விற்குது. சாதா உப்பைவிடப் பல மடங்கு விலை. வாங்கறதுக்கும் ஆள் இருக்கு.

மரபணு மாற்று உணவு நல்லதா, விஷமா என்ற சண்டை நம்ம நாட்டில் இருபது வருஷத்துக்கு மேல நடக்குது. நான் விஞ்ஞானி இல்லை, ஆடிட்டர். எனக்குத் தெரிந்த ஒரே வழி, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகுதுன்னு பார்ப்பது. அப்படிப் பார்த்தால் இந்தச் சண்டையில் உங்க பர்ஸ் இரண்டு இடத்தில் திறக்குது. ஒன்று, மாசாமாசம் வரும் மளிகை பில். இன்னொன்று, “உலகத்துக்கே சோறு போடப்போகிற டெக்னாலஜி” என்று சொல்லி உங்க போனஸைக் கேட்கிற வெளிநாட்டுப் பங்குகள். முதலாவதில் பயத்துக்குக் காசு கொடுக்கிறோம், இரண்டாவதில் ஆசைக்கு.

முதல்ல பில்லை எடுங்க

இந்தியாவில் சாகுபடிக்கு அனுமதி வாங்கி விவசாயி வயலுக்குப் போய்ச் சேர்ந்த மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்றுதான்: பருத்தி. நீங்க வாங்கும் பொன்னி அரிசி, துவரம்பருப்பு, கோதுமை மாவு, மஞ்சள்தூள், கேழ்வரகு, தக்காளி எதிலும் மரபணு மாற்று ரகம் சட்டப்படி இங்கே விற்பனையில் இல்லை. கத்திரிக்காய் மட்டும் ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்தது. மஹிகோ நிறுவனத்தின் பி.டி. கத்திரி, நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அந்த வேலையில் பங்கெடுத்தது. 2009 அக்டோபரில் மதிப்பீட்டுக் குழு சரி என்றது. 2010 பிப்ரவரி 9ஆம் தேதி, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். நிறுத்தினது நிறுத்தினதுதான். பக்கத்தில் வங்கதேசம் 2013ல் அதே கத்திரிக்கு அனுமதி கொடுத்து, அங்கே சந்தையில் விற்கிறார்கள்.

இறக்குமதி? அதற்கும் கதவு பாதி மூடியிருக்கு. 2021 மார்ச் முதல், அரிசி, கோதுமை, மக்காச்சோளம், ஆப்பிள், பப்பாளி உட்பட 24 பயிர்கள் வெளிநாட்டிலிருந்து உணவுக்காக வந்தால், ‘இது மரபணு மாற்றியது அல்ல’ என்ற சான்றிதழோடு வரணும். தவறிக் கலந்தது 1 சதவீதம் வரை இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கு.

ஆக, பொன்னி அரிசிப் பையில் ‘நான்-ஜிஎம்ஓ’ என்று போடுவது, இட்லிக் கடை வாசலில் ‘எங்கள் இட்லியில் மீன் இல்லை’ என்று போர்டு வைப்பது மாதிரி. பொய் இல்லை. ஆனால் பக்கத்துக் கடை இட்லியிலும் மீன் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். ஹைப்ரிட் வேற, ஜி.எம். வேற. ‘பெங்களூர் தக்காளி’ ஹைப்ரிட். விதையில்லாத திராட்சையும், நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோவைத் தொடும் பிராய்லர் கோழியும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால் வந்தவை. ஆய்வுக்கூடத்தில் வேறு உயிரின் மரபணுவை எடுத்துப் புகுத்தியது எதுவும் அதில் இல்லை. கோழி அவ்வளவு சீக்கிரம் பெருக்கிறதைப் பற்றி உங்களுக்கு வேறு கவலைகள் இருக்கலாம், நியாயம்தான். ஆனால் அதற்குப் பேர் மரபணு மாற்றம் இல்லை. ஏ2 பாலும் இதே ரகம். ஜெர்சி கலப்பின மாடு இனக்கலப்பில் வந்தது. அதற்கும் மரபணுப் பொறியியலுக்கும் சம்பந்தமில்லை. 2024 ஆகஸ்ட் 21ல் ‘ஏ1, ஏ2 என்று பால் பாக்கெட்டில் போடாதீர்கள்’ என்று ஆணையம் உத்தரவு போட்டு, ஒரு வாரத்துக்குள்ளேயே வாபஸ் வாங்கியது. அரசே தடுமாறும் இடத்தில் லேபிள் போடுபவருக்குத்தான் கொண்டாட்டம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. உப்பு, அரிசி, மாவு, மஞ்சள், பருப்பு எல்லாம் சேர்த்து இந்த லேபிளுக்காக மட்டும் மாதம் 600 ரூபாய் கூடுதலாகப் போகுதுன்னு வைங்க. வருஷத்துக்கு 7,200. பத்து வருஷத்தில் 72,000. அதையே எஸ்ஐபியில் போட்டு 12 சதவீதம் வந்தால் சுமார் 1.39 லட்சம் (12 சதவீதம் வரும்னு நான் உத்தரவாதம் தரலை, கேட்டுக்கோங்க). இயற்கை விவசாயத்தில் விளைந்ததா, பூச்சிமருந்து எச்சம் இல்லையா என்று பார்த்து அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது தனி விஷயம். அங்கே ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கலாம். இரண்டையும் ஒரே பச்சை இலைப் படத்துக்குள் கலந்து விற்கும்போதுதான் நாம ஏமாறுகிறோம்.

அப்போ, ஜி.எம். நம்ம சாப்பாட்டிலேயே இல்லையா?

இருக்கு. லேபிள் இல்லாத இடத்தில் இருக்கு.

பருத்தி என்றால் நாம சட்டைதான் நினைப்போம். ஆனால் பஞ்சைப் பிரித்த பிறகு மிஞ்சும் கொட்டையிலிருந்து நாட்டில் ஆண்டுக்கு பத்து லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய் எடுக்கிறார்கள். குஜராத்தில் வீட்டுச் சமையலுக்கே அதுதான் பிரபலம். நமக்கு அது நொறுக்குத்தீனிப் பாக்கெட் வழியாக வந்து சேரும். பின்பக்கம் சின்ன எழுத்தில் ‘சமையல் எண்ணெய்’ என்று போட்டு அடைப்புக்குறிக்குள் எந்தெந்த எண்ணெய் என்று எழுதியிருப்பதைப் படிச்சுப் பாருங்க. நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்தி.

அடுத்தது சோயா எண்ணெய். அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் லட்சக்கணக்கான டன் வருது. அந்த நாடுகளில் விளையும் சோயா ஏறக்குறைய முழுக்க மரபணு மாற்று ரகம். அந்த எண்ணெய்க்கு 2007லேயே இந்தியா அனுமதி கொடுத்துவிட்டது. கனடாவின் கனோலாவும் பெரும்பகுதி அப்படியே. இதற்கு மாறாக, சூரியகாந்தி, கடலை, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் இவற்றில் வணிக அளவில் மரபணு மாற்றுப் பயிரே கிடையாது. செக்குக் கடலை எண்ணெயில் ‘நான்-ஜிஎம்ஓ’ முத்திரை பார்த்தால் சிரிச்சுட்டு, எண்ணெயின் தரத்தை மட்டும் பாருங்க.

மதுரைக்காரங்க கோபப்படாதீங்க, அடுத்தது பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் காய்ச்சுவது. இன்றைக்குக் கடைக்கு வரும் கொட்டை பி.டி. ரகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரீஃபைண்டு எண்ணெயிலாவது சுத்திகரிப்பில் புரதமும் மரபணுவும் ஏறக்குறைய முழுசாப் போய்விடும். மிஞ்சுவது கொழுப்பு மட்டும். பருத்திப்பாலில் கொட்டையின் புரதமே இருக்கும். ‘இந்தியர்கள் ஜி.எம். உணவே சாப்பிட்டதில்லை’ என்று டிவி விவாதத்தில் யாராவது மேசையைத் தட்டினால், கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சாயங்காலம் வரச் சொல்லணும்.

பிறகு முட்டை, கோழி. 2021ல் சோயாப் புண்ணாக்கு விலை சில மாதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. முட்டைக்கு ஆகும் செலவில் தீவனம் மட்டுமே சுமார் மூன்றில் இரண்டு பங்கு என்பதால் பண்ணைக்காரர்கள் தவித்துப்போனார்கள். அந்த ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் வரை மரபணு மாற்று சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. தீவனத்தைச் சாப்பிட்டதால் கோழி மரபணு மாற்றுக் கோழி ஆகிவிடாது. நீங்க புல் தின்னும் ஆட்டைச் சாப்பிட்டு புல் ஆகிவிடாத மாதிரி. ஆனால் கவனிங்க: விலை ஏறும்போது கொள்கை வளைந்தது. இப்போது எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கிக் குவிப்பதால், மரபணு மாற்று மக்காச்சோளத்தைத் தீவனத்துக்காவது விடுங்கள் என்று கோழிப் பண்ணைத் தொழில் கேட்டுக்கொண்டிருக்கு. நாமக்கல் முட்டை விலை உங்க பில்லில் வரும் என்பதால் இது உங்க விஷயமும்தான்.

பாக்கெட் உணவில் மரபணு மாற்றுப் பொருள் இருந்தால் முகப்பின் மேல்புறம் ‘ஜிஎம்’ என்று போடணும் என 2013 ஜனவரி 1 முதல் எடையளவுச் சட்ட விதியே இருக்கு. எனக்கு இதுவரை ஒரு பாக்கெட்கூட கண்ணில் பட்டதில்லை. இல்லாததை ‘இல்லை’ என்று சொல்ல எல்லாரும் போட்டி போடுகிறார்கள். இருப்பதை ‘இருக்கு’ என்று சொல்ல யாரும் இல்லை.

சாப்பிடலாமா, கூடாதா?

சுருக்கமா சொல்றேன். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016ல் வெளியிட்ட பெரிய அறிக்கை, சந்தையில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் உணவு மற்ற உணவைவிட உடலுக்கு அதிக ஆபத்து என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. உலக சுகாதார நிறுவனமும், சந்தையில் உள்ளவை பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி வந்தவை என்கிறது. எலிகளுக்குக் கட்டி வந்த படம் வாட்ஸ்அப்பில் இன்னும் சுத்துதே, அது 2012ல் பிரெஞ்சு விஞ்ஞானி செராலினி குழு வெளியிட்ட ஆய்வு. அடுத்த வருஷமே அந்த இதழ் அதைத் திரும்பப் பெற்றது. 2014ல் வேறு இதழில் மறுபடி வந்தது. சர்க்கரை நோயாளிகள் 1980களிலிருந்து போட்டுக்கொள்ளும் மனித இன்சுலினே மரபணு மாற்றிய நுண்ணுயிரி தயாரித்ததுதான்.

மறுபக்கம், 2013ல் உச்ச நீதிமன்றம் நியமித்த தொழில்நுட்ப நிபுணர் குழு, களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள் நம்ம நாட்டுக்குப் பொருந்தாது என்றது. களையெடுத்துப் பிழைக்கும் கிராமத்துப் பெண்களின் கூலியும் அந்த வாதத்தில் இருக்கு. இது உடம்பைப் பற்றிய கேள்வி இல்லை, பிழைப்பைப் பற்றிய கேள்வி. என் கணக்கில் இந்த மொத்த விவாதத்திலும் கனமான பகுதி அதுதான்.

ஒரு விதைப் பாக்கெட்டின் பேலன்ஸ் ஷீட்

2002ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 450 கிராம் பாக்கெட், ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு. ஆரம்ப வருஷங்களில் விலை சுமார் 1,600 ரூபாய். அதில் 1,250 ரூபாய், விதைக்குள் இருக்கும் அந்த மரபணுவுக்கான கட்டணம்; மான்சான்டோவும் மஹிகோவும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்குப் போனது. நாலில் மூணு பங்குக்கு மேல். சாஃப்ட்வேர் லைசென்ஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. பெட்டி 350, உள்ளே இருக்கும் லைசென்ஸ் 1,250.

2006ல் ஆந்திர அரசு, ஏகபோக வணிகத்தை விசாரிக்கும் ஆணையத்துக்குப் போனது. விலை 750க்கு இறங்கியது. 2015 டிசம்பரில் மத்திய அரசு பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. 2016ல் பாக்கெட் விலை 800. மரபணுக் கட்டணம் 163லிருந்து 49 ஆனது. 2018ல் 39. 2019ல் 20. 2020ல் பூஜ்யம். 1,250லிருந்து பூஜ்யத்துக்கு வர பதினைந்து வருஷம்கூட முழுசா ஆகலை. எந்த ஆய்வுக்கூடமும் அந்தக் கட்டணத்தைக் குறைக்கலை. ஒரு அரசாணை குறைத்தது. 2025ல் பாக்கெட்டின் உச்ச விலை 901 ரூபாய்.

விவசாயிக்கு லாபமா? ஆரம்பத்தில் ஆமாம். 2002-03ல் 136 லட்சம் பேல் இருந்த பருத்தி உற்பத்தி 2013-14ல் 398 லட்சம் பேல் ஆனது. பாசன வசதியும் உரமும் நல்ல ஹைப்ரிட்களும் அதில் பங்காளிகள். எல்லாப் பெருமையும் மரபணுவுக்கு இல்லை. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குப் பழகிவிட்டது. இப்போது உற்பத்தி 300 லட்சம் பேலைச் சுற்றி நிற்குது. நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் இயக்குநர் கிராந்தியும் ஸ்டோனும் 2020ல் வெளியிட்ட ஆய்வின்படி, பி.டி. வருவதற்கு முன் பூச்சிமருந்துக்குச் செலவழித்ததைவிட 2018ல் விவசாயி அதிகம் செலவழித்தார்.

கட்டணத்தைக் குறைத்ததற்கும் ஒரு விலை இருந்தது. 2016லேயே மான்சான்டோ, தன் அடுத்த தலைமுறைப் பருத்திக்கான விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டது. 2006க்குப் பிறகு புதிய தொழில்நுட்பம் எதுவும் சட்டப்படி வயலுக்கு வரலை. சட்டவிரோதமா வந்தது. களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை, பில் இல்லாமல், கியாரண்டி இல்லாமல் கைமாறுது. 2019ல் மகாராஷ்டிரத்தின் அகோலாப் பக்கம் விவசாயிகள் அதை வெளிப்படையாக விதைத்தே போராட்டம் நடத்தினார்கள். நுகர்வோர் பக்கம் நின்றால் விலைக் கட்டுப்பாடு சரிதான். முதலீட்டாளர் பக்கம் நின்றால், ‘அரசு ஒரு நோட்டிஃபிகேஷனில் என் வருமானத்தைப் பூஜ்யமாக்கும்’ என்பது படிச்சே ஆகவேண்டிய பாடம். நீங்க எந்தப் பக்கம் நிற்கிறீங்கன்னு முடிவு பண்ணிட்டு மேலே படிங்க, ஏன்னா அடுத்து போனஸ் விஷயம்.

பாதி நாளில் வளரும் மீன், முழுசாய்க் கரைந்த முதலீடு

“சார், மரபணு மாற்று மீன், பன்றி எல்லாம் அமெரிக்காவில் வந்துடுச்சு. அந்தக் கம்பெனி ஷேர் இப்பவே வாங்கிப் போட்டா பத்து வருஷத்தில்...” இந்த மாதிரிக் கேள்வி வீடியோக்களுக்குக் கீழே வந்துகொண்டே இருக்கு. அந்த மீனின் கதையை முழுசாச் சொல்றேன்.

அக்வாபவுன்ட்டி என்ற அமெரிக்க நிறுவனம். அட்லாண்டிக் சால்மன் மீனுக்குள், சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சேர்த்தார்கள். மூன்று வருஷத்தில் சந்தைக்கு வரும் மீன், ஏறக்குறைய பாதிக் காலத்தில் வளர்ந்துவிடும். ஆடிட்டர் காதுக்கு இது தேன். கையிருப்புச் சரக்கு இரண்டு மடங்கு வேகமாகப் புரளும், அதில் முடங்கும் பணம் பாதியாகும். எக்ஸெல்லில் போட்டால் கண்ணைப் பறிக்கும்.

1990களின் நடுவில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் போனார்கள். அனுமதி கிடைத்தது 2015 நவம்பரில். உணவுக்காக அனுமதி பெற்ற உலகின் முதல் மரபணு மாற்று விலங்கு அதுதான். 2017ல் கனடாவில் முதல் விற்பனை, அதே வருஷம் நாஸ்டாக்கில் பங்கு. அமெரிக்காவில் விற்பனை தொடங்க 2021 ஆனது. இடையில், சுற்றுச்சூழல் ஆய்வு போதாது என்று 2020ல் ஒரு நீதிமன்றம் சொன்னது. பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனங்கள் பல, அந்த மீனை விற்க மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டன.

உண்மையான அடி வேற இடத்தில். கடலுக்குள் தப்பித்துப் போய்விடக்கூடாது என்பதால், கரையில் மூடிய தொட்டிகளில்தான் வளர்க்கணும் என்பது அனுமதியின் நிபந்தனை. தொட்டி, தண்ணீரைச் சுத்திகரித்துச் சுழற்றும் இயந்திரங்கள், இருபத்திநாலு மணிநேர மின்சாரம். மரபணு மிச்சப்படுத்திய செலவைக் கட்டடமும் கரன்ட் பில்லும் சாப்பிட்டன. 2022ல் விற்பனை சுமார் 31 லட்சம் டாலர். நஷ்டம் 2 கோடி டாலருக்கு மேல். ஒஹாயோ மாநிலத்தில் கட்டத் தொடங்கிய பெரிய பண்ணையின் மதிப்பீடு ஏறிக்கொண்டே போய், 2023ல் வேலையை நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் மீன் வளர்ப்பையே முடித்துக்கொள்வதாக அறிவிப்பு. 2021 உச்சத்திலிருந்து பங்கு விலை 90 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயிருந்தது.

மீனில் கோளாறு இல்லை, கவனிங்க. சொன்ன மாதிரியே வேகமாகத்தான் வளர்ந்தது.

பன்றிக் கதை இன்னும் நடக்குது. பிஆர்ஆர்எஸ் என்ற வைரஸ் தாக்காதபடி மரபணுவைத் திருத்திய பன்றிக்கு 2025 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. உருவாக்கியது லண்டனில் பட்டியலிடப்பட்ட ஜீனஸ் நிறுவனம். இவர்கள் மீன் கம்பெனி மாதிரி தாங்களே வளர்த்து விற்கப்போவதில்லை. பண்ணைகளுக்கு இனவிருத்திப் பன்றிகளை விற்கும் பழைய தொழில் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கு. அதனால் இடர் குறைவு. ஆனாலும் அமெரிக்கப் பன்றி இறைச்சியை வாங்கும் நாடுகள் ஒவ்வொன்றும் ஒப்புக்கொள்ளணும்.

சின்னக் கம்பெனிதான் இப்படி, பெரிய கம்பெனி பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு பேயர். ஆஸ்பிரின் கண்ட நூறு வருஷ நிறுவனம். 2018 ஜூனில் 63 பில்லியன் டாலர் கொடுத்து மான்சான்டோவை வாங்கியது. கூடவே வந்தது ரவுண்டப் களைக்கொல்லி மீதான புற்றுநோய் வழக்குகள். 2020ல் சமரசத்துக்கு மட்டும் 10 பில்லியன் டாலரைச் சுற்றி ஒதுக்க வேண்டியிருந்தது. வழக்கு களைக்கொல்லி மேல்தான், மரபணு மாற்று உணவு மேல் இல்லை; ஆனால் அந்தக் களைக்கொல்லியைத் தாங்கும் விதையும் அதே கம்பெனியின் சரக்கு. வாங்கிய சமயத்தில் 100 யூரோ அருகில் இருந்த பங்கு, 2024 கடைசியில் 20 யூரோவுக்குக் கீழே. டிவிடெண்டை ஜெர்மன் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமான 11 சென்ட்டாகக் குறைத்தார்கள். 2025ல் மீண்டது, ஆனால் பழைய விலையில் பாதியைக்கூட எட்டலை.

நான் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் இல்லை. எதையும் வாங்கு, விற்று விடு என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கினால் வரும் வரி வேலை என் ஏரியா. ஆப்பில் 5,000 ரூபாய்க்கு ஒரு வெளிநாட்டுப் பங்கின் துண்டு வாங்கினாலும் ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2க்குப் போகணும். அதில் ஷெட்யூல் எஃப்ஏ நிரப்பணும், நிதியாண்டுக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்குக்கு. இங்கேதான் நிறைய பேர் தப்பு விடறாங்க. விட்டால் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கு. அசையாச் சொத்து தவிர மற்ற வெளிநாட்டுச் சொத்துக்கள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை. ஆனால் நிரப்பவேண்டிய கடமை போகலை. அமெரிக்கப் பங்கின் டிவிடெண்டில் 25 சதவீதம் அங்கேயே பிடிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்கு முன் விற்றால் உங்க ஸ்லாப்.

இந்திய விதைக் கம்பெனிப் பங்குகள் என்றால் ஆண்டறிக்கையில் இரண்டு இடம் பாருங்க. ஒன்று, வருமானத்தில் பருத்தி விதை எவ்வளவு. அத்தனையும் விலைக் கட்டுப்பாட்டுக்குள். இன்னொன்று, வரிக் குறிப்பு. விதை உற்பத்தியில் ஒரு பகுதி விவசாய வருமானம் என்று விலக்குக் கோருவார்கள். வருமான வரித்துறை அதை எதிர்த்து வழக்காடுவதும் உண்டு. லாபம் அழகாகத் தெரிவதில் அந்த விலக்குக்கு எவ்வளவு பங்கு என்று அங்கேதான் தெரியும்.

அடுத்து வரப்போவது

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய டிஎம்எச்-11 கடுகுக்கு 2022 அக்டோபரில் அனுமதி வந்தது. 2024 ஜூலை 23ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள்; ஆனால் தேசியக் கொள்கை ஒன்று வேணும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். ‘இது வந்தால் எண்ணெய் விலை குறையும்’ என்று தலைப்புகள் வரும். நம்பிப் பட்ஜெட் போடாதீங்க. ஆண்டுக்கு சுமார் 1.6 கோடி டன் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்யும் நாட்டில், உங்க பில்லை ஆட்டுவது சுங்க வரி. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கான வரி 5.5லிருந்து 27.5 சதவீதமானது, 2025 மே கடைசியில் 16.5க்கு இறங்கியது. எந்த மரபணுவும் இவ்வளவு வேகமா வேலை செய்யாது.

அரிசியில் வேற மாதிரி ஒன்று வருது. வெளி மரபணு எதையும் சேர்க்காமல், உள்ளே இருப்பதையே திருத்திய இரண்டு நெல் ரகங்களை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. அதில் கமலா என்று பெயர் வைத்தது, நமக்குப் பழக்கமான சாம்பா மசூரியிலிருந்து வந்தது. இந்த வகைத் திருத்தங்களுக்கு 2022லிருந்தே பழைய கடும் விதிகளில் விலக்கு உண்டு. இவை கடைக்கு வரும்போது ‘நான்-ஜிஎம்ஓ’ பொன்னிக்குப் பக்கத்திலேயே ‘எடிட் செய்யாதது’ என்று இன்னொரு ஸ்டிக்கரும் வரும் பாருங்க, எழுதி வச்சுக்கோங்க.

இந்த மாசம் ஒரு வேலை செய்யுங்க. மளிகை பில்லை எடுத்து, ‘நான்-ஜிஎம்ஓ’ எழுதியிருப்பதற்காகவே விலை கூடிய பொருள்களைப் பென்சிலால் வட்டம் போடுங்க. சோயா எண்ணெய், கனோலா, பருத்திக்கொட்டை எண்ணெய், இறக்குமதியான மக்காச்சோள, சோயா ஐட்டங்கள் இவற்றில் அந்த லேபிளுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. கூடுதல் காசு கொடுப்பது உங்க விருப்பம். மற்றதை எல்லாம் அடுத்த மாசம் சாதா பாக்கெட்டுக்கு மாத்திப் பாருங்க. எவ்வளவு மிச்சமாச்சுன்னு வீடியோவுக்குக் கீழே எழுதுங்க. உப்பிலிருந்தே தொடங்கலாம்.